எட்டாவது டிக்

மார்ச் 11, செவ்வாய்.
கற்பித்தது: சலவை இயந்திரத்தின் புதிய திரை, நான்கு படிகள்.
வந்தவர்கள்: எட்டுப் பேர்.
தவறு: சின்னதுதான். நீராவி அக்கா திரையைத் தொடுவதற்குள் நான் தொட்டுவிட்டேன்.

எழுதி முடித்த பிறகும் அவள் பேனாவை மூடவில்லை. 'சின்னதுதான்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், கைகால் கழுவும் முன்பே இப்படி மூன்று வரி எழுதிவிடுவது அவள் வழக்கம். தவறு என்ற வரி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் சின்னது, பெரியது என்று அளவு போட்டது இதுதான் முதல் தடவை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் படித்தவள் அவள். பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில், வேலை முடிந்த ஊழியர்களுக்குப் புதிய இயந்திரங்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை, கேன்டீன் பக்கத்து அறை. மாணவர்கள் எல்லாரும் அவளைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர்கள். அவர்கள் அவளை 'டீச்சர்' என்றார்கள். அவள் அவர்களை அக்கா, அண்ணன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. அறையில் டிரம் இல்லாத வெறும் பயிற்சித் திரை ஒன்று இருந்தது. துணியின் வகை, எடை, ப்ரோகிராம், ஸ்டார்ட் என்று நான்கு படிகளையும் ஒவ்வொருவராக வந்து செய்து காட்ட வேண்டும். செய்து காட்டினால் பெயருக்கு நேரே ஒரு டிக்.

மூட்டை தூக்கும் அண்ணன் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை ஜெயித்தார். "துணிய ஒரு மணி நேரத்துல வெளுத்துடலாம் டீச்சர். எங்க மண்டைய வெளுக்க நாலு மாசம் ஆயிடுச்சு பாருங்க" என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது.

எட்டாவது ஆள் நீராவி அக்கா. இஸ்திரி பிரஸ்ஸில் பதினெட்டு வருஷம் நின்றதால் வந்த பெயர். வலது மணிக்கட்டு வீங்கி, அதற்கு மேல் எப்போதும் ஒரு துணிப்பட்டை. இனி ஆவியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரையைக் கற்றுக்கொண்டால் இயந்திரத்துக்கு மாறலாம், இல்லையென்றால் பிரஸ்ஸேதான்.

அக்காவின் விரல் திரைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பாதி படிப்பதற்குள் திரை அணைந்து, முதல் பக்கத்துக்கே போய்விட்டது. மறுபடி தொட்டார், மறுபடி அணைந்தது. பின்னால் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஆறு ஐம்பத்தைந்து. கேன்டீன்காரர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். அப்போதுதான் அவள் கை தானாக நீண்டது. வகை, எடை, ப்ரோகிராம், ஸ்டார்ட். திரையில் பச்சை விளக்கு.

"பாத்தீங்களா அக்கா, அவ்ளோதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

எட்டாவது டிக் விழுந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதைத் தவிர எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருக்கும் மனிதர்.

"எட்டுக்கு எட்டா! அசத்திட்டீங்க டீச்சர். போன வருஷம் கம்பெனிக்காரன் வந்து நடத்தினப்போ மூணு பேர்தான் தேறுனாங்க. ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்டப் போட்டாச்சு. மூணாம் மெஷின் நீராவிக்கு."

"தனியாவா சார்?"

"ஞாயித்துக்கிழமை எப்பவும் ஒருத்தர்தானே. ஏன், டிக் போட்டது நீங்கதானே?"

அவள் தலையாட்டினாள். சொல்லியிருக்கலாம். 

மூன்றாம் இயந்திரம் சிவப்புப் பைகளுக்கு மட்டும். தொற்றுநோய் வார்டின் படுக்கை விரிப்புகள் அதில்தான் போகும். ப்ரோகிராம் மாறினாலும் துணி வெள்ளை வெளேரென்றுதான் வெளியே வரும். சூடு போதாமல் கிருமி மட்டும் உயிரோடு இருக்கும். அந்த விரிப்பில் அடுத்த நோயாளி படுப்பார்.

வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி வர்ற?"

அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி சிரித்துவிட்டாள்.

"உங்க குடும்பத்துக்கே கை நீளம். உங்கண்ணன் எனக்கு ஆறு மாசமா ஸ்கூட்டர் சொல்லித்தராரு. நான் ஹேண்டிலப் பிடிச்சா பின்னாடி இருந்துகிட்டே அவரும் பிடிக்கிறாரு. ஊர்பூரா நான் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு பேச்சு. நான் இன்னும் ஒரு தெருகூடத் தனியா ஓட்டல."

"அண்ணி, இது வெளையாட்டில்ல."

"நானும் வெளையாட்டா சொல்லல. என்னிக்காவது தனியாப் போயி விழுந்தா, 'ஒழுங்காத்தானே சொல்லிக்குடுத்தேன்'னு என்னத்தான் திட்டுவாரு."

அன்று டைரியில் அவளுக்கு ஒன்றும் எழுத வரவில்லை. நேற்றைய 'சின்னதுதான்' என்பதை மட்டும் அடித்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் சலவைப் பிரிவுக்கே போனாள். நான்கு மாதம் பாடம் நடத்தியும், அவர்கள் வேலை செய்யும்போது அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. உள்ளே வெக்கையும், நனைந்த பருத்தியின் வாடையும், ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்தினால்தான் கேட்கும் இரைச்சலும். பிரஸ்ஸை நிறுத்தி ஓய்வு கொடுத்திருந்த நேரம். நீராவி அக்கா மூட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையை இடது கையால் தூக்கி, "பன்னெண்டு" என்றார். மூட்டை அண்ணன் தராசில் வைத்தார். பன்னிரண்டே கால்.

"கால் கிலோவக் கோட்ட விட்டுட்ட தாயி" என்றார் அண்ணன்.

"அந்தக் கால் கிலோ உங்க கை அழுக்கு."

சிவப்பு, மஞ்சள், வெள்ளை. எந்தப் பை எந்த வார்டு, எதற்கு எவ்வளவு சூடு, எது மற்றதோடு சேரக்கூடாது என்று அக்கா யாரையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. வகுப்பில் இதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. முதல் நாளே பலகையில் 'படி ஒன்று' என்று எழுதி ஆரம்பித்தவள் அவள்.

அக்காவை இரைச்சல் குறைந்த ஒரு சுவரோரம் கூட்டிப்போனாள்.

"அக்கா, செவ்வாக்கிழமை திரைய நான்தான் அழுத்தினேன். நீங்க அழுத்தல. உங்களுக்குப் புரியாமலே டிக் போட்டுட்டேன்."

அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "மெதுவாப் பேசுங்க."

"புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே அக்கா..."

"பின்ன என்னத்தச் சொல்றது? அத்தன பேரு பாக்குறாங்க. நீங்க கெடியாரத்தப் பாக்குறீங்க. நான் தொட்டா அது அணையுது. ஒடச்சிப்புட்டேனோன்னு எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துப்போச்சு. புரியலைன்னு சொன்னா இன்னொரு தரம் நிக்கணும். அதுக்குப் புரிஞ்சுதுன்னு சொல்றது சுலபம்."

"நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்."

அக்காவின் குரல் மாறியது. மரியாதையும் கூடவே போனது.

"சொல்லுவ. சொல்லிட்டு உம் மனசு லேசாயிடும், நீ வீட்டுக்குப் போவ. நான் திரும்ப அந்தப் பிரஸ்ஸுல போயி நிக்கணும். பட்டிக்காட்டுப் பொம்பள, இதுகூடத் தெரியலன்னு எல்லாரும் பேசணும். எட்டுக்கு எட்டு வேணும்னு ஆசப்பட்டது யாரு? நானா?"

 அக்கா துணிப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னால் அக்காவின் மணிக்கட்டு. சொல்லாவிட்டால் யாரென்றே தெரியாத ஒரு நோயாளி. இரண்டிலும் அடிபடப் போவது அவள் இல்லை. அதுதான் அவளை அரித்தது. மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் சூப்பர்வைசர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், எட்டாவது டிக் பொய். அக்கா தோத்துப் போகல. நான் அவங்களச் செய்யவே விடல. நானே அழுத்திட்டு டிக் போட்டேன்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவள் முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது போலும்.

"ஏம்மா, என்ன வெளையாட்டா இது? நேத்து கேட்டப்போ தலையாட்டினீங்களே!"

"ஆமா சார். அது ரெண்டாவது தப்பு."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளப் போடறேன். நீராவி பிரஸ்லயே இருக்கட்டும்."

"வேணாம் சார். ஒரு நாள் குடுங்க. அவங்களுக்கு அந்த வேலை என்னைவிட நல்லாத் தெரியும். திரையப் படிக்கறதுக்குள்ள அது அணைஞ்சுடுது, அதான் தடுமாறறாங்க."

"அணையுதா? முப்பது செகண்ட்ல வச்சிருப்பான் கம்பெனிக்காரன். அத மூணு நிமிஷமா மாத்தலாமே. ஒரு பட்டன்தான். ஏன் எங்கிட்ட கேக்கல?"

கேட்கத் தோன்றவில்லை. அக்காதான் மெதுவாகப் படிக்கிறார் என்று நினைத்தாளே தவிர, திரைதான் அவசரப்படுகிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. 

"சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு, என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டட்டும்" என்றார் அவர். "நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. காட்டினா ஷிஃப்ட் அவங்களுக்கு. இல்லேன்னா இல்ல. அடுத்த மாசம் உங்க வகுப்பு இருக்குமான்னும் அப்புறம்தான் சொல்ல முடியும்."

கீழே வந்து, சனிக்கிழமைப் பரீட்சையையும், அதற்கு முன் நாளை சாயங்காலம் பழகிக்கொள்ளலாம் என்பதையும் அக்காவிடம் சொன்னாள். அக்கா பிரஸ்ஸின் மூடியை இறக்கினார். ஆவி புஸ்ஸென்று இருவருக்கும் நடுவில் எழுந்தது. அது அடங்கிய பிறகும் அவர் இவளைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு அந்த ரூமுக்கு நான் வர மாட்டேன்" என்றார்.

"ரூமுக்கு வேணாம் அக்கா. இங்கேயே, மூணாம் மெஷின்கிட்ட."

"யாரும் பாக்கக் கூடாது."

"நாளைக்கு வகுப்பு இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சதும் யாரும் இருக்க மாட்டாங்க."

அக்கா அடுத்த விரிப்பை எடுத்து உதறினார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தாள். மற்ற ஏழு டிக்குகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூட்டை அண்ணன் மூன்றாம் தடவை ஜெயித்தபோது, பக்கத்தில் நின்று "அதில்ல அண்ணே, இந்தப் பக்கம்" என்று சொன்னது யார்? புரிந்ததா என்று அவள் கேட்க, எல்லாரும் புரிந்தது என்றார்கள். அதற்கு மேல் அவளிடம் அத்தாட்சி இல்லை.

மார்ச் 13, வியாழன்.
கற்பித்தது: ஒன்றுமில்லை.
வந்தவர்கள்: நான் போனேன்.
தவறு: ஒரு டிக். அதை மறைத்த ஒரு தலையாட்டல். மற்ற ஏழும் இன்னும் தெரியவில்லை.

நாளை: நாலரை மணிக்குச் சூப்பர்வைசரைப் பார்த்துத் திரையை மூன்று நிமிஷத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்தரைக்கு மூன்றாம் இயந்திரம். அக்கா வந்தால் சிவப்புப் பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திரைக்குக் கடைசியில் போனால் போதும். வராவிட்டால் ஏழு வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். மற்ற ஏழு பேரிடமும் திங்கட்கிழமை மறுபரீட்சை என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.