ஊ சான் வினுக்கு எந்த நோயும் இல்லை

ரங்கூனை ஒட்டிய இன்சீனில் குடியிருக்கும் முரளிதரனுக்குப் பர்மியப் பெயரில் ஆரோக்கியமும் தமிழ்ப் பெயரில் மூச்சிரைப்பும் இருக்கின்றன. ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். நம் ஆட்கள் பலரையும் போல அடையாள அட்டைக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். அட்டையில் அவர் ஊ சான் வின். இரண்டு பெயருக்கும் நுரையீரல் ஒன்றுதான் என்று போன வருடம்வரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஓய்வுபெற்ற மூன்று மாதத்துக்குள் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தபோது, "நமக்கு எதுக்கு? தும்மல்கூட லீவு நாள்ல வர்ற உடம்பு இது" என்று அதை மடித்து, ஆடும் மேசையின் காலுக்கடியில் வைத்தார். ஏழு வருடம் மேசை ஆடவில்லை. பிறகு அவர் மாடிப்படியில் பாதியிலேயே உட்காரத் தொடங்கினார். மனைவி பவானி அவரை நகரைச் சுற்றி ஓடும் ரயிலில் ஏற்றிக் காப்பீட்டு அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள்.

தாமதமாக வருபவர்களுக்கு அங்கே தாராள மனதோடு ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள். 'ஊ சான் வினுக்கு எந்த நோயும் இல்லை' என்று முரளிதரன் இருமிக்கொண்டே எழுதினார். முத்திரை விழுந்த நொடியில் இருமல் நின்றது. மனிதர்கள் பயப்படும் முத்திரைக்கு நோயும் பயந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் பவானி, "என்னங்க, ஜன்னலோரமா உக்காருங்க" என்றாள். உடனே முரளிதரனுக்கு மூச்சு அடைத்தது. பழைய பணிமனைக்காரர் ஒருவர் "ஊ சான் வின்!" என்று கூப்பிட்டதும் சீரானது. நாலைந்து நாளில் தெருவுக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் அட்டைப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இளைஞனின் நுரையீரல் என்று பாராட்டி வெறுங்கையோடு அனுப்பினார். தனியார் மருத்துவமனையின் வாசல்வரைதான் அவருடைய பென்ஷன் போகும். காப்பீடு உள்ளவருக்கு நோய் இல்லை, நோய் உள்ளவருக்குக் காப்பீடு இல்லை. திட்டம் அவ்வளவு கச்சிதம். முரளிதரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவானி போய்க் கேட்டாள். கவுண்டரில் இருந்த அம்மாள் ஏடுகளைப் புரட்டி, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை, பிறந்திருந்தாலும் ஏழு வருடம் தாமதம் என்றார்.

முரளிதரனின் மூச்சு வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஒரு மாலை அவர் உதடு நீலமானதைப் பவானி பார்த்தாள். நாற்பத்தொரு வருடமாகப் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், "ஊ சான் வின்! ஊ சான் வின்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மூச்சு வந்தது. யாரோ ஒரு அந்நியனுக்கு மனைவியாகிவிட்டதுபோல அவளுக்குத்தான் அழுகை பொங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பெயர் புழங்குவதில்லை.

இப்போது அவர் முனைக்கடையில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிடுகிறார், மாடிப்படியில் உட்காருவதில்லை. சாயங்காலத் தேநீருக்குப் பிறகு மட்டும் பவானிக்கு எதிரில் வந்து உட்காருவார்.

"ஒரே ஒரு தடவ கூப்பிடேன்."

"வேணாம். மூச்சு முட்டும்."

"முட்டட்டும்."

"என்னங்க" என்பாள். அவர் "ம்" என்று சொல்லி இருமி இருமிச் சிரிப்பார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, இருமல் எல்லை மீறுவதற்குள் ஊ சான் வினைக் கூப்பிட்டுவிடுவாள்.