கால் பாயிண்ட்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவருக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் பரிசுத்தம். ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. கூட வேலை செய்கிற இன்னொரு பரிசோதகர் பார்த்தால், யார் வந்து உட்கார்ந்தாலும் பவர் ஏறியிருக்கும். புதுக் கண்ணாடி ஒன்று விற்றுவிடும். பரிசுத்தமோ, "கண்ணு நல்லாத்தான் இருக்கு, இந்தக் கண்ணாடியே போதும்" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்புவார். முதலாளி பல்லைக் கடிப்பார்.

இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று மாதக் கடைசி. பரிசுத்தத்துக்கு இலக்கை எட்ட ஒரே ஒரு கண்ணாடி விற்க வேண்டியிருந்தது. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்று காலையில் ஜெபித்துவிட்டுத்தான் கிளம்பினார். "அவர் அனுப்புவாரு. நீங்க திருப்பி அனுப்பாம இருக்கணுமே" என்றாள் மனைவி, ஆமென் சொல்வதற்குப் பதிலாக.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. வந்தவர் அவருடைய சபையின் பாடகர் குழுத் தலைவி! பரிசுத்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபத்துக்கு இவ்வளவு சுருக்காகவா பதில் வரும்?

"ஸ்தோத்திரம் பிரதர்! நம்ம ஆளு இங்க இருக்கும்போது நான் ஏன் வேற கடைக்குப் போகணும்?"

பலகையின் பொடி எழுத்துகளைக்கூட அந்த அம்மாள் ராகத்தோடு வாசித்து முடித்தார். பவர் இம்மியும் மாறவில்லை.

"இந்தக் கண்ணாடியே போதும் சிஸ்டர்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பவர் மாறினாத்தான் புதுசுக்கு எங்க ஆபீஸ்ல பணம் தருவாங்க. கால் பாயிண்ட் ஏறியிருக்குன்னு எழுதிடுங்களேன். உங்களுக்கும் ஒரு விற்பனை ஆச்சு. எல்லாம் தேவ கிருபை."

பரிசுத்தம் பேனாவைத் திறந்தார். ஆசை யாரை விட்டது? ஆள் கேட்டோம், ஆள் வந்தாயிற்று, கால் பாயிண்ட் யார் கண்ணை உறுத்தப்போகிறது என்று மனசு வக்கீலாகி வாதாடியது. பேனா தாளைத் தொட்டும்விட்டது. ஆனால் எழுதப்போவது பொய் என்பது, எதிர்ப் பலகையின் பெரிய எழுத்தைப் போலப் பளிச்சென்று தெரிந்தது. பேனாவை மூடினார்.

"முடியாது சிஸ்டர்."

"அட, கால்தானே பிரதர்!"

"வழுக்கும்போது முதல்ல போறதே கால்தான் சிஸ்டர்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உலகத்துல இருக்கோம் பிரதர், கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்" என்று உபதேசம் செய்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். சரியானதைச் செய்தால் நெஞ்சு நிறையும் என்பார்கள். பரிசுத்தத்துக்கு அப்படி ஒன்றும் நிறையவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று முதலாளி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் வந்தார்.

"நிரந்தரம் அந்த இன்னொருத்தருக்குத்தான். நீ இன்னும் மூணு மாசம் இப்படியே ஓட்டு."

"சரிங்க சார்."

சொல்லிவிட்டுப் போகவேண்டியவர் போகவில்லை. கதவைச் சாத்தினார். பரிசோதனை நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார்.

"வலது கண்ணு கொஞ்ச நாளா மங்கலா இருக்கு. பாரு."

"நிரந்தரமானவரு சும்மாதான் இருக்காரு சார். கூப்பிடட்டுமா?"

"விளையாடாதய்யா" என்றார் முதலாளி. "இது என் கண்ணு."