சக்கரவர்த்தியின் நாற்பத்தெட்டுக் குமிழ்கள்

'சுரச்சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை அந்த இசையமைப்பாளருக்கு யாரும் கொடுக்கவில்லை. விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது, நிரப்பிக்கொண்டார். கார்டு வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக ஒரு படமும் வரவில்லை.

இப்போது ஓர் இயக்குநர், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடக்கும் தன் படத்துக்குப் பின்னணி இசை தேடிக்கொண்டிருந்தார். ஆறு வாரம் கழித்து சனிக்கிழமை வீட்டுக்கே வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். இதுவும் கைநழுவினால் மாமனாரின் பெயின்ட் கடைக்குப் போய்விடுவதாகச் சக்கரவர்த்தி மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார்.

வேறொருவராக இருந்தால் உட்கார்ந்து மெட்டுப் போட்டிருப்பார். சக்கரவர்த்தி மச்சினியைக் கூப்பிட்டார். அவள் லிஃப்ட்டுகளுக்குப் பட்டன் பலகை செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். சால்டர் வைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அத்தானைச் சீண்டுவது பிறவிக் கலை.

"எனக்கு ஒரு மிடி கன்ட்ரோலர் செஞ்சு குடு. கடையில விக்கிறதெல்லாம் வேண்டாம். என் ஆன்மாவுக்குப் பொருந்தணும்."

"ஆன்மா நீளம் அகலம் என்ன அத்தான்? சொன்னா தகடு வெட்டிடுவேன்."

மிடி கன்ட்ரோலர் என்பது தானாகச் சத்தம் போடத் தெரியாத பெட்டி. குமிழைத் திருகினாலோ பேடு என்கிற ரப்பர் பட்டனைத் தட்டினாலோ கம்ப்யூட்டருக்கு உத்தரவு போகும், பாடுவதெல்லாம் கம்ப்யூட்டர்தான். உழைக்காமல் உத்தரவு மட்டும் போடுகிற பொருள் என்பதால் அதன்மேல் சக்கரவர்த்திக்கு ஒரு ரத்த பாசம்.

முதல் வாரம் எட்டுக் குமிழ் கேட்டார். அடுத்த வாரம் அது இருபத்துநாலானது, அதற்கடுத்து நாற்பத்தெட்டு. பிளாஸ்டிக் மலிவாகத் தெரிந்ததால் பித்தளைக்கு மாறினார். பதினாறு பேடுகளுக்கும் அடியில் விளக்கு எரிய வேண்டும்: சிவப்பு, இல்லை, பச்சை, சரி, இரண்டும். எந்தக் குமிழ் எதற்கு என்று எழுத மட்டும் விடவில்லை.

"கலைஞனோட விரலுக்குத் தெரியும்."

"லிஃப்ட்லயே மாடி நம்பர் போடுறோம் அத்தான்."

மனைவி அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். "மெட்டு எந்த நிலையில இருக்குங்க?"

"முதல்ல வாத்தியம். பின்னாலேயே சங்கீதம் வரும்."

"தொட்டிலுக்குப் பாலிஷ் போட்டது போதும். பிள்ளையைப் பெத்துக் காட்டுங்க."

ஐந்தாவது வாரம் மச்சினி ஒரு சந்தேகம் கேட்டாள். "கம்ப்யூட்டர்ல ஒரு ஒலி பத்துல இருக்குன்னு வைங்க. உங்க குமிழ் அறுபதுல நிக்குது. தொட்டதும் ஒலி ஒரே தாவா அறுபதுக்குத் தாவும். அதனால, திருகித் திருகிப் பத்துக்கு வர்ற வரைக்கும் குமிழ் சும்மா இருக்கற மாதிரி செட் பண்ணிடவா?"

"சும்மாவா? என் கை பட்டும் சும்மா இருக்குமா ஒரு குமிழ்? தொட்ட நொடியே கீழ்ப்படியணும்."

"சரி, உங்க இஷ்டம்."

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. அன்றுதான் சங்கீதமும் ஞாபகம் வந்தது. சோப்பு விளம்பரம் ஒன்றுக்காகப் போட்டு, சோப்புக்காரரே வேண்டாமென்று சொன்ன நாற்பது நொடி மெட்டைத் தேடியெடுத்தார். வேகத்தைக் குறைத்தார், சோகமாகிவிட்டது. மௌஸைப் பிடித்து ஒவ்வோர் ஒலியையும் அளந்து அடக்கி வைத்தார். உள்ளதைச் சொன்னால், கேட்கும்படியாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை பெட்டியைத் துணியால் துடைத்தபோது குமிழ்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நின்றன. போட்டோவில் நன்றாக இருக்காதே என்று, கேபிள் மாட்டுவதற்கு முன்பே, நாற்பத்தெட்டையும் நேர்மேலே, அதாவது ஏறக்குறைய அறுபதில், பார்க்கும்படி அணிவகுக்க வைத்தார்.

இயக்குநர் வந்து உட்கார்ந்தார். மச்சினி கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். மெட்டு ஆரம்பித்தது. கடலடியில் யாரோ மூச்சுவிடுவது போன்ற மெல்லிய ஒலி. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே விட்டிருந்தால் படம் கைக்கு வந்திருக்கும்.

சக்கரவர்த்தி கண்களை மேலே செருகி ஒரு குமிழைத் தொட்டார்.

மூச்சு உறுமலாக வெடித்தது. அதை அடக்க அடுத்ததைத் தொட்டார், எதிரொலி ஏறியது. மூன்றாவது எதுவென்று அவருக்கே தெரியவில்லை, ஜன்னல் கண்ணாடிக்குத் தெரிந்தது. அது அதிர்ந்தது.

"அத்தான், கையை எடுங்க! எதையும் தொடாதீங்க!"

கையை எடுத்து பேடுகளின் மேல் ஊன்றினார். பதினாறும் சிவப்பும் பச்சையுமாகப் பற்றி எரிய, முரசுகள் இடித்தன. மச்சினி பாய்ந்து கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

இயக்குநர் காதிலிருந்து விரலை எடுத்தார். "பிரமாதம். யார் செஞ்சது?"

"அடியேன்தான். கடலோட சீற்றத்தை..."

"பெட்டியைக் கேட்டேன்."

மச்சினி கையைத் தூக்கினாள்.

"என் கப்பலுக்கு இப்படி ஒரு கன்ட்ரோல் பலகையைத்தாம்மா தேடிட்டிருக்கேன். செட்டுக்கு இன்னும் ஆறு வேணும். சத்தமே வராம விளக்கு மட்டும் எரியுமா?"

"எரியும் சார். கம்ப்யூட்டருக்குப் பதிலா சார்ஜர்ல மாட்டினா போதும்."

"அப்ப... இசை?" என்றார் சக்கரவர்த்தி.

"அதுக்கு ஆள் பாத்துக்கறேங்க. இந்தப் பெட்டியை மட்டும் வண்டியில ஏத்திடுங்க."

வண்டி போனதும் மனைவி போனை எடுத்தாள். "அப்பா, திங்கக்கிழமை கடைக்கு வந்துடுவார்."

"போனை வை! செட்டுல ஒரு நடிகர் அந்தக் குமிழைத் திருகணும். எப்படித் திருகணும்னு அவருக்கு யார் சொல்லித் தருவா?"

"எப்படித் திருகினாலும் சத்தம் வராது அத்தான்."

"அதனாலதான் ரொம்ப நுணுக்கமாத் திருகணும்!"

"ஒன்பது மணிக்காப்பா?" என்றாள் மனைவி போனில். "சரி, அனுப்பிடறேன்."