அக்காவின் ஹேண்டில்பார்

சைக்கிளின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தான். அசையவில்லை. மேலே இருந்த போல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டாகிவிட்டது. அப்படியும் அதைத் தாங்கும் பழைய ஸ்டெம், குழாய்க்குள் வேர்விட்டதுபோல நின்றது.

கார் ஷெட்டை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா படுத்திருந்தாள். காலையில் வந்த டாக்டர் அத்தானை வாசல்வரை அழைத்துப்போய், "இன்னிக்கு ராத்திரி தாண்டாது. பக்கத்துலயே இருங்க" என்று சொல்லியிருந்தார். அத்தான் பக்கத்தில் இருந்தார். இவன் போல்ட் கழற்றும் அலன் கீயைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டான்.

அக்கா கல்லூரி நாட்களிலிருந்து ஓட்டிய ரேஸ் சைக்கிள் அது. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும், குனிந்துதான் பிடிக்க வேண்டும். முதுகில் ஆபரேஷன் ஆனபின் அவளால் குனிய முடியவில்லை. "உயரமா ஒண்ணு மாட்டிக் குடுடா, மகாராணி மாதிரி நிமிர்ந்து உக்காந்து ஓட்டறேன்" என்றாள். இந்தக் காலத்து ஹேண்டில்பார் பழைய சைக்கிளில் நேராகப் பொருந்தாது. பழைய ஸ்டெம்மை உருவிவிட்டு, அந்தக் குழாயில் ஓர் அடாப்டரைச் செருக வேண்டும். புது ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்விக்கொள்ளும். சாமான்கள் எல்லாம் போன வாரம்தான் வந்து சேர்ந்தன. அதற்குள் அவள் எழுந்து உட்காருவதே நின்றுபோயிருந்தது.

இனி அவள் ஓட்டப்போவதில்லை என்று இவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கையில் வேலை இருக்கும்வரை உள்ளே போக வேண்டாம். போனால் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இவனுக்குப் பயமாக இருந்தது.

ஜன்னலில் அத்தானின் முகம் தெரிந்தது. "மாப்ள, உன்னை வரச் சொல்றா."

"இதோ வரேன் அத்தான். இது மட்டும் கழண்டு வரட்டும்."

அத்தான் திரும்பி அவளிடம் குனிந்தார். அவளுக்குக் குரல் அடங்கிவிட்டது. உதட்டருகே காதை வைத்தால்தான் கேட்கும். நிமிர்ந்தபோது அத்தான் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. "ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கறவனுக்கு ஒரு ஸ்டெம்மைப் பிடுங்கத் தெரியலையான்னு கேக்கறா."

இவன் பல் டாக்டர். "பல்லுன்னா மரத்துப்போக ஊசி போட்டுடுவேன்னு சொல்லுங்க."

"போல்ட்டை முழுசா கழட்டிட்டியான்னு கேக்கறா."

"ஆமா."

"போச்சு போ, குரங்குங்கறா. அடியில ஒரு ஆப்பு இருக்காம். அதுதான் உள்ளேர்ந்து குழாயை இறுக்கிட்டிருக்காம். போல்ட்டைத் திரும்ப நாலு சுத்து போட்டு, அது தலையில சுத்தியலால ஒரு போடு போடணுமாம்."

ஆப்பைப் பிடுங்கிய குரங்கு. சின்ன வயதில் ரேடியோவையோ கடிகாரத்தையோ பிரித்துப்போட்டுவிட்டு இவன் திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம் அவள் கூப்பிடும் பெயர்.

"சத்தமா இருக்குமே?"

"அடிடா-ங்கறா."

அடித்தான். இன்னொன்று. மூன்றாவது அடிக்கு உள்ளே எதுவோ டொக்கென்று இறங்கியது. இழுத்தான், ஹேண்டில்பார் ஸ்டெம்மோடு கையில் வந்துவிட்டது. "வந்துடுச்சு!" என்று கத்தினான். "இனிமே கொஞ்ச வேலைதான். புதுசை மாட்டிட்டு வந்துடறேன்!"

அத்தான் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"புதுசு வேணாமாம். அதை எடுத்துட்டு நீ வா."

சாக்குச் சொல்ல வேறு ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சைக்கிளோடு பிணைத்திருந்த பிரேக் கம்பிகளை நறுக்கிவிட்டு உள்ளே போனான்.

போர்வையின்மேல் ஹேண்டில்பாரை வைத்ததும் அவள் கண்ணைத் திறக்காமலேயே வளைவுகளைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் பிரேக்குகளின் மேல் போய் உட்கார்ந்தன. அழுத்திப் பார்த்தாள். லொடலொடவென்று ஆடியது. இவன் அவள் உதட்டருகே காதை வைத்தான்.

"பிரேக் இல்லடா."

"போற வழி மேடுதான்க்கா. தேவைப்படாது."

அவள் ஒரு கையை எடுத்தாள். "அப்ப நீ ஒரு பக்கம் பிடி."

பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தான். அவளுக்கு மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அதைக் கேட்காமலிருக்கப் பேசினான். பல் பிடுங்க வந்த போலீஸ்காரர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்ததைச் சொன்னான். அவள் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போனான். பொய்ப்பல் செட்டை மாற்றிப் போட்டுக்கொண்டுபோன கணவன் மனைவி கதை. அதை முடித்துவிட்டு இன்னொன்று. இடையில் அத்தான் எழுந்துபோய் விளக்கைப் போட்டார். திரும்பி வந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார்.

"மாப்ள, விடு."

"அவ பிடிச்சிட்டிருக்கா அத்தான்."

"அவ அப்பவே விட்டுட்டாப்பா."

குனிந்து பார்த்தான். அவள் கை போர்வையின்மேல் விரிந்து கிடந்தது. இவன் பக்கத்து பிரேக் மட்டும், கைப்பிடியோடு ஒட்டும்வரை அழுந்தியிருந்தது.