இறைச்சி அறையில் விரதக்காரர்

என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் கோபம் ஒரு முழம் முன்னால் போகும், தனேஸ்வரன் அதன் பின்னால் போவார். ஹுத்தான் மெலிந்தாங்கில் எண்ணெய்ப்பனை லாரி ஓட்டியபோது, சூப்பர்வைசர் ஏதோ சொன்னார் என்று சாவியை அவர் முகத்தில் எறிந்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் நின்றுபோன மெஷினை உதைத்தார். அடுக்குமாடி ஒன்றில் செக்யூரிட்டியாக இருந்தபோது, கைதட்டி "ஓய்" என்று கூப்பிட்டவரின் காருக்கு கேட்டைத் திறக்காமல் நடுவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த ஆள் குடியிருப்பாளர் சங்கத் தலைவராம்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் என் வேலை அப்படி. வீட்டில் இணையம் அறுந்துபோனவர்கள் எல்லாம் போனில் என்னைத்தான் திட்டுவார்கள். நான் "மாஃப் என்சிக், மாஃப் புவான்" என்று நாள் முழுக்க மலாயில் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச வேண்டும். தாங்க முடியாதபோது கழிவறைக்குப் போய் ஃபிளஷை அமுக்கிவிட்டு, தண்ணீர் இரைகிற சத்தத்தில் அத்தனை பேரையும் திட்டித் தீர்ப்பேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கொஞ்சுவேன். அந்த வித்தை என் கணவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இரண்டாவது போனது, அவருக்குச் செக்யூரிட்டி வேலை போன அன்று. வீட்டுக்கு வந்து கத்தினார், தட்டு உடைந்தது, சாயங்காலம் எனக்கு ரத்தம் கண்டது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். நானும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உடைந்த தட்டைப் பொறுக்கியவர் அவர்தான். தன் கோபம்தான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று மனதில் பச்சை குத்திக்கொண்டுவிட்டார்.

மூன்றாவது தங்கியதும் நேரே கல்லுமலைக் கோயிலுக்குப் போனார். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், விரதம் முடியும்வரை ஒருவர்மீதும் கோபப்பட மாட்டேன், பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டு வந்தார். விரதம் தொடங்கியபோது எனக்கு ஆறாவது மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் நான் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். அவர் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது.

வேலை சிலிபினில், மீரா சாஹிப் அண்ணனின் குளிர்ப்பதனக் கடையில். ஈப்போவில் பாதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கிருந்துதான் கோழியும் ஆடும் இறாலும் போகின்றன. விரதம் என்று கேட்டதும் முதலாளி, "அப்ப நீ கறிப் பக்கமே போவாத. பட்டாணி, உருளக்கெழங்கு, ரொட்டி ச்சானாய் ரூமப் பாத்துக்க," என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

மற்றவர்கள்தான் சரியில்லை. விரதக்காரருக்குக் கோபம் வரக்கூடாது என்பது தெரிந்ததும் ஆளாளுக்கு ஏறி மிதித்தார்கள். கூட வேலை செய்யும் சுரேன் தன் மூட்டைகளையும் இவர் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "சாமிக்குத்தான் கோவமே வராதேலா," என்று சிரிப்பானாம். சரக்கு பிந்தியது என்று கடைக்காரர்கள் இவர் அம்மாவை இழுத்துத் திட்டுவார்களாம். இவர் கழுத்தில் உத்திராட்சத்தோடு கையெடுத்துக் கும்பிட்டு, "சரிங்க சாமி," என்பாராம். இதையெல்லாம் வீட்டில் என்னிடம் யாருக்கோ நடந்ததுபோலச் சொல்வார். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அவர் குரல் நாளுக்கு நாள் கட்டிக்கொண்டே வந்தது. விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளிப்பதால்தான் என்று நினைத்து மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வழக்கம்போல வயிற்றில் கைவைத்து, "அசையுதா மினி?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் வேலைக்குக் கிளம்புவார்.

அன்று மதியம் மீரா சாஹிப் அண்ணனே போன் செய்து, கொஞ்சம் கடைவரைக்கும் வர முடியுமா என்று கேட்டார். படுக்கையை விட்டு எழுந்தேன். வாடகைக் கார் பிடித்துப் போனேன்.

அலுவலக அறையில் என் கணவர் சுவரோரம் நின்றிருந்தார். முதலாளியின் மனைவி சக்கீனா அக்கா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா," என்றார் மீரா சாஹிப் அண்ணன். "போலிஸ் அது இதுன்னு போவ எனக்கு மனசு வரல. அதான் ஒன்னக் கூப்புட்டேன். கறி ஐஸ் ரூமுல எறா பெட்டி கொறையுது. கேமராவப் போட்டுப் பாத்தா, தெனமும் இவன் அங்க போறான். வெறுங்கையோட போறான், வெறுங்கையோடத்தான் வரான், அதயும் சொல்லணும். ஆனா எதுக்குப் போறான்? வெரதக்காரனுக்குக் கறி ரூமுல என்ன வேல?"

தன் போனில் அந்தப் படத்தைக் காட்டினார். என் கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கனத்த கதவை இழுத்துத் திறந்து உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். பார்த்தால் திருடன் மாதிரிதான் இருந்தது.

"ஒரு காரணம் சொல்லு தனேசு, நான் விட்டுர்றேன்," என்றார் முதலாளி. "காலையிலேருந்து இதத்தான் கேக்குறேம்மா. வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

"சொல்லுங்களேன், எதுக்குப் போனீங்க?" என்றேன் நான்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். "நான் வேலைய விட்டுர்றேன் மொதலாளி," என்றார். சொற்கள் பாதி காற்றாக வந்தன.

அந்தக் குரலில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் தாமான் குடியிருப்பு இருக்கும் இடம் முன்பு ரப்பர்த் தோட்டம். என் மாமனார் ராமையா அங்கே பால் வெட்டினார். மகனுக்கு அப்பன் அவர், கோபத்திலும்தான். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கண்டபடி பேசினால் எதிர்த்துப் பேச முடியாது, பேசினால் தோட்டம் கொடுத்த வீடு போய்விடும். அதனால் ரப்பர்க் காட்டுத் தீம்பாருக்குள், ஆளில்லாத நிரையாகப் பார்த்துப் போய், மரங்களுக்கு நடுவே நின்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு வருவாராம். "மரம் போட்டுக் குடுக்காதுலா," என்று மாமனார் சொன்னதைக் கல்யாணமான புதிதில் இவர்தான் சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னார். இப்போது மரம் எங்கே இருக்கிறது? ஒட்டி ஒட்டி வீடுகள். இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். மனிதர் சிலிபின் முழுக்கத் தேடி, ஒரு சாண் கனத்தில் கதவு போட்ட ஓர் அறையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதை ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. கத்தப் போனேன் என்று சொன்னால் விரதம் எப்போதோ உடைந்துவிட்டது என்று என் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவர்தான் கொன்றவர் ஆவார். அதற்குத் திருடன் என்ற பெயரே மேல் என்று நின்றிருந்தார், மடையன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சுரேன்மீது, முதலாளிமீது, இவர்மீது, மலைமேல் நிற்கிற முருகன்மீதும்தான்.

"எந்த ரூம்?" என்று எழுந்தேன்.

"மினி, வேணாம்," என்றார் அவர்.

"புள்ளத்தாச்சி அங்கல்லாம் போவக்கூடாதும்மா, வெறச்சிப் போயிரும்," என்று சக்கீனா அக்கா பின்னாலேயே வந்தார். நான் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன்.

குளிர் கன்னத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் ஆட்டுத் தொடைகள், கோழிப் பெட்டிகள். உத்திராட்சம் போட்ட மனிதர் இதன் நடுவிலா நின்றார் என்று நினைத்தபோதே வாய் திறந்துகொண்டது. கத்தினேன். போனில் என்னைத் திட்டியவர்களுக்காக, போன இரண்டு பிள்ளைகளுக்காக, கைகட்டி நிற்கிற என் புருஷனுக்காகக் கத்தினேன். "குடுக்குறதுன்னா குடு, இல்லாட்டி விடு, அந்த மனுசன ஏன் இப்புடி வாட்டுற!" என்று முருகனிடமே கேட்டேன். தொண்டை கிழிந்தது. பிறகு வெளியே வந்தேன்.

கதவருகிலேயே எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"கேட்டுச்சாண்ணே?"

"என்னம்மா கேட்டுச்சான்னு கேக்குற?"

"நான் கத்துனது."

மீரா சாஹிப் அண்ணன் மனைவியைப் பார்த்தார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"இதுக்குத்தாண்ணே போனாரு. ஒங்க எறாவுக்கு இல்ல."

முதலாளி கதவைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். "பெட்டிய நான் தேடிக்கிறேன்," என்றார் கடைசியில். "நீ நாளைக்கு வேலைக்கு வா தனேசு."

என் கணவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டியே மினி," என்றார். "நீ வேற கத்திட்டியே."

"முருகனுக்குத் தெரியாமலா இத்தன நாளு கத்துனீங்க? தெரிஞ்சும் புள்ள இருக்குல்ல?"

அவர் கையை நீட்டி என் வயிற்றில் வைத்தார். "அசையுதா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓயாமல் புரளும் பிள்ளை, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே ஒரு முறைகூட அசையவில்லை. இப்போதுதான் அது எனக்கு நினைவு வந்தது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சக்கீனா அக்கா என்னை நாற்காலியில் சாய்த்துச் சால்வையால் போர்த்தினார். சூடாக மைலோ கொண்டுவந்து, ஊதி ஊதிக் குடிக்க வைத்தார். முதலாளி காரை எடுக்கச் சொல்லி யாருக்கோ கைகாட்டினார். தள்ளுவண்டியோடு வந்த சுரேன் அதைப் பிடித்தபடியே நின்றான். என் கணவர் முட்டிபோட்டு, இரண்டு கையையும் வயிற்றில் பதித்து, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். முன்பு இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

இடது பக்கம் ஓர் உதை. சின்னது, ஆனால் உதைதான்.

அவர் வாயைப் பெரிதாகத் திறந்தார். ஐஸ் ரூமில் கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. கையை எடுக்காமல் குனிந்து வயிற்றோடு வாயை வைத்து, உள்ளே இருப்பதிடம் சத்தமே இல்லாமல் கெஞ்சினார்.

"இன்னொரு தடவ."