காத்து பாஸ் ஆச்சா?

"காத்து பாஸ் ஆச்சாம்மா?" என்று நர்ஸ் சத்யபிரியா ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்று கேட்டது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கட்டிலில் கிடந்த வெயிலம்மாள் இல்லை என்று தலையை அசைத்தாள். அவள் புருஷன் சிவனாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

குடல் முறுக்கிக்கொண்டு அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாயந்தரத்துக்குள் பிரியாவிட்டால் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார், ஏதோ பீரோவைத் திறக்கிற மாதிரி.

பாஸ் என்கிற அந்த வார்த்தை சிவனாண்டியை ஆயுசு முழுக்க விரட்டி வந்தது. பத்தாவதில் அவர் பாஸ் ஆகவில்லை. மகள் பூங்கொடி விளாத்திகுளத்துக்குப் படிக்கப் போய் பஸ் பாஸைத் தொலைத்த அன்று வீட்டில் நடந்ததைப் போர் என்றே சொல்லலாம். மிளகாய் போட்டிருந்த கரிசல் நிலத்தில் பாதியைப் பைபாஸ் ரோடு விழுங்கியது. இங்கே ஆஸ்பத்திரி வாசலிலும் வாட்ச்மேன், "பாஸ் இருந்தா காட்டுங்க" என்று மறித்தான். மருமகன் பேச்சிராஜாவோ அவன் தோளில் கையைப் போட்டு, "விடுங்க பாஸ்" என்று பாஸே இல்லாமல் உள்ளே வந்துவிட்டான். அத்தனையும் தாங்கியாயிற்று. ஆனால் இந்த பாஸ் ஆகாவிட்டால் சிவனாண்டி எங்கே போய் நிற்பார்?

மருமகன் தன் அம்மா பார்வதியம்மாளையும் கூட்டி வந்திருந்தான். சம்பந்தி வீட்டில் ஆபரேஷன் என்றால் தலையைக் காட்டிவிட்டு ஓடுவது மரியாதை இல்லை. கூடவே இருக்க வேண்டும். இருவரும் விடிந்ததிலிருந்து கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"பெருங்காயத்தக் கரைச்சுத் தொப்புளச் சுத்தித் தடவுங்க அண்ணாச்சி."

"தண்ணியே குடுக்கக்கூடாதுங்காவ மதினி."

"தடவத்தான சொல்லுதேன். குடிக்கவா சொன்னேன்?"

வெயில் சாய்ந்தது. வெயிலம்மாளின் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. சிவனாண்டி குனிந்து, "ஏட்டி, ரொம்ப வலிக்கா?" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் மருமகன் பக்கம் உருட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மருமகன் எதிரே நிமிர்ந்து உட்காராதவள் அவள். அவன் வீட்டுக்கு வந்தால் தும்மலைக்கூட முந்தானையில் முடிந்துவைத்து, அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவிழ்த்துவிடுகிறவள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டு கிடக்கிறாள்.

சம்பந்தியை வெளியே போகச் சொல்வதா? மாசமாக இருக்கிற மகள் அந்த வீட்டில் அல்லவா வாழவேண்டும். டாக்டரின் பீரோ அவர் கண்முன் திறந்து திறந்து மூடியது.

"மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க ரெண்டு பேரும் செத்த நேரம் வெளிய இருக்கணும்."

பார்வதியம்மாள் முகம் கறுத்தது. "நாங்க இருக்கது இடைஞ்சலாக்கும்?"

"ஆமா மதினி."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். மகனும் பின்னாலேயே போனான்.

"நீங்களும் போங்க" என்றாள் வெயிலம்மாள், சுவரைப் பார்த்தபடி.

வராந்தாவில் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச்சிராஜா திரை அணைந்து கிடந்த செல்போனை உற்றுப் பார்த்தான். சிவனாண்டி நின்ற நேரத்துக்குப் பருத்தி விதைத்து, காய் வெடித்து, வீடு வந்து சேர்ந்திருக்கும்.

உள்ளே கேட்டது. சிவகாசிச் சரவெடிக்கும் அப்படி ஒரு நாதம் கிடையாது.

பார்வதியம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "இதச் சொல்லதுக்கு என்ன அண்ணாச்சி? நானே வாசல்ல காவல் இருந்திருப்பேன்லா."

நர்ஸ் வந்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம் என்றாள். உள்ளே ஓடிய சிவனாண்டியின் அவசரத்தில் தலையணைதான் முதலில் குடித்தது.

"ஏங்க, வெளிய கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலட்டி."

வராந்தாவில் பேச்சிராஜா பூங்கொடிக்குப் போன் போட்டிருந்தான். "அத்தைக்கு ஆயிருச்சு. சந்தேகமே வேண்டாம், எங்க காதாலயே கேட்டோம்."

சிவனாண்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.