பின்னால் வந்த பதினேழு தடங்கள்

போன வருடம் மாசி மாதத்து மூன்றாம் ஞாயிறு காலையில், காட்டுவழியில் சுஜாதாவின் காலடிக்குப் பின்னால் பதினேழு ஆண்களின் தடங்கள் பதிந்திருந்தன. அந்தப் பதினேழு பேரும் அந்நேரத்தில் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜவளகிரிக்கு அப்பால், பஸ் திரும்பும் கடைசி ஊர் அது. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த சுஜாதா, ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்திறங்கி, காட்டுக்குள் ஆறு கிலோமீட்டர் நடந்து, மலைமேல் இருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படிப் போய்வந்த மூன்று வருடமும் டீக்கடை அவளுக்குப் புத்தி சொன்னது. "ஏம்மா, ஒத்தையிலயா போற? ஆனை நிக்குது, சிறுத்த கெடக்குது. எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" அவள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பதும் அக்கறைதான் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். யானைகள் என்னவோ அவள் வரும் நேரத்தில் ஓடைக்கு அப்பால் ஒதுங்கியே நின்றன.

கடைசியில் வனக்காவலர் கந்தன் மனு எழுதினார். பெண்கள் தனியே போகாதபடி அந்த வழியை மூட வேண்டும் என்று. ஊரார் கையெழுத்துப் போட்டார்கள். மூடிவிட்டால் சுஜாதா அம்மாவைப் பார்க்க வேறு வழி கிடையாது. நேரில் வந்து டீ குடித்துப்போன ரேஞ்சர், எந்த மிருகம் அவள் பின்னால் வருகிறது என்று அத்தாட்சி கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிறு விடியுமுன் கந்தன் முறைப்படி வழிக்குக் குறுக்கே பத்தடிக்குச் சலித்த மண்ணைப் பரப்பி, நீவிவிட்டு டீக்கடைக்கு வந்தார். இருபது வருடமாக அவர் அப்படித்தான் மிருகத் தடம் படிக்கிறார்.

டீ குடித்து முடித்துப் போய்ப் பார்த்தபோது மண்ணில் யானையும் இல்லை, சிறுத்தையும் இல்லை. குதிகால் தேய்ந்த செருப்பு டீக்கடை மைக்கேல்ராஜுடையது. பெருவிரல் வெளியே நீண்டது, தினமும் அங்கே டீ குடிக்கும் சின்னராஜுடையது. எல்லோருக்கும் முன்னால், அவளுக்கு ஓரடி பின்னால், இடது காலை இழுத்து நடந்த பூட்ஸ் தடம். கந்தன் தன் இடது காலைப் பார்த்தார். கையால் அழித்தார், தடம் மறுபடி அப்படியே பதிந்தது.

மதியம் சுஜாதா இறங்கி வந்தபோதும் அங்கேயே குந்தியிருந்தார்.

"இது என்னோடது, கண்ணு."

"தெரியுங்கண்ணா. மூணு வருசமா இந்தக் காலடிய காதுல கேட்டுக்கினேதான் போறேன். ஆனைக்கு நான் எப்பவும் பயந்ததில்லைங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனுவைக் கிழித்துப் போட்டார். விஷயம் தெரிந்ததும் ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். சின்னராஜ் ஞாயிறுகளில் செருப்பைப் பரணில் போட்டுப் பார்த்தார், மண்ணில் வெறுங்கால் தடம் விழுந்தது.

வழி திறந்தே இருக்கிறது. கந்தன் வாராவாரம் மண் பரப்புகிறார். பதிவேட்டில் 'விலங்கின் பெயர்' என்ற கட்டத்தில் முதலில் தன் பெயரை எழுதி, மற்றவர்களை அதன் கீழ் எழுதுகிறார். அந்த மாதக் கடைசியில், இடையில் ஒரு ஞாயிறு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்த ரேஞ்சர் அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். பதினெட்டாவது வரியில் அவர் பெயர் இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.